பங்குக் கோயிலில் பாடுவது யார்? கத்தோலிக்கப் பாடகர் குழுவின் வரலாறு

கத்தோலிக்கப் பங்கு ஒன்றின் ஞாயிறு திருப்பலியில் பாடுகிற தரப்புகள் மூன்று: பீடத்தில் நிற்கும் குரு, பாடகர் குழு, கூடியிருக்கும் மக்கள். குரு பாட வேண்டிய இடங்கள் காலப்போக்கில் அதிகம் மாறவில்லை. மற்ற இரு தரப்புக்கும் இடையே பாட்டு எப்படிப் பங்கிடப்பட்டது என்பதுதான் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறிவந்திருக்கிறது. தேர்ந்த குரல்கள் பாட, மற்றவர்கள் மௌனமாகக் கேட்டிருந்த காலம் உண்டு. குருவே இல்லாத ஊரில் மக்கள் பாடியும் செபித்தும் நம்பிக்கையைக் காப்பாற்றிய காலமும் உண்டு. ஆகவே பங்கு இசையின் வரலாற்றை மெட்டு, வாத்தியம், இசையமைப்பாளர் என்று மட்டும் எழுதினால் பாதிதான் தேறும். யார் பாடினார்கள், யார் வாய்மூடி நின்றார்கள் என்பது மறுபாதி.

தொடக்கக் காலக் கிறிஸ்தவர்கள் திருப்பாடல்களை யூத மரபிலிருந்து பெற்றார்கள். ஒருவர் வரிகளைப் பாட, கூட்டம் சிறு பல்லவியைத் திருப்பிப் பாடும். நான்காம் நூற்றாண்டில் பெரிய கோயில்கள் எழுந்து கூட்டம் பெருகியதும் ஒழுங்குபடுத்தும் தேவை வந்தது. ஆசியா மைனரில் லவோதிக்கேயா நகரில் கூடிய சங்கம், மேடையேறி ஏட்டைப் பார்த்துப் பாடும் நியமனப் பாடகர்களைத் தவிர வேறு யாரும் கோயிலில் பாடக் கூடாது என்று விதித்தது. அதே நூற்றாண்டில் இத்தாலியில் நடந்தது இதற்கு நேர்மாறு. 386-இல் மிலான் நகரில் ஆயர் அம்புரோசியாரிடமிருந்து கோயிலைப் பறிக்க அரச தரப்பு முயன்றது. மக்கள் கோயிலுக்குள்ளேயே இரவும் பகலும் காவல் இருந்தார்கள். அவர்கள் சோர்ந்துபோகாதிருக்க, கீழைத் திருச்சபையின் வழக்கப்படி பாடும் முறையை அம்புரோசியார் புகுத்தினார். நான்கு சிற்றடிகள் கொண்ட கண்ணிகள், ஒரே மெட்டு, எவரும் ஒருமுறை கேட்டால் பிடித்துக்கொள்ளலாம். அதே நகரில் மறு ஆண்டு திருமுழுக்குப் பெற்ற அகுஸ்தீனார், அந்தப் பாடல்களைக் கேட்டுக் கண்ணீர் விட்டதைத் தம் ‘ஒப்புதல்கள்’ நூலில் எழுதியிருக்கிறார். பாட்டின் பொருளைவிடக் குரலின் இனிமையே தம்மை ஈர்த்துவிடுகிறதோ என்ற அச்சத்தையும் அதே நூலில் பதிவு செய்திருக்கிறார். கோயில் இசை பற்றிய பிற்கால விவாதங்களில் பெரும்பாலானவை இந்த இரு உணர்வுகளுக்குள் அடங்கிவிடும்.

ரோமில் திருத்தந்தையின் வழிபாடுகளுக்கென்று பாடகர் பள்ளி ஒன்று உருவாயிற்று. அதைத் தொடங்கியவர் புனித கிரகோரியார் என்பது மரபு. இன்றைய ஆய்வாளர்கள் அதன் வளர்ச்சியை அவருக்குப் பிந்திய ஏழு, எட்டாம் நூற்றாண்டுகளில் வைக்கிறார்கள். அங்கிருந்து பிராங்கு நாட்டுக்குப் போன இசை, அந்நாட்டு வழக்கத்தோடு கலந்து, இன்று கிரகோரியன் இசை என்று அறியப்படும் வடிவத்தை அடைந்தது. தாளக்கட்டு இல்லை, பக்க வாத்தியம் இல்லை, ஒரே குரல் ஓட்டம். சொல்லின் ஏற்ற இறக்கத்தை ஒட்டியே மெட்டு நகரும். இதைப் பயில்வது எளிதன்று. நூற்றுக்கணக்கான மெட்டுகளை ஆண்டு முழுவதற்கும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியிருந்தது. 11-ஆம் நூற்றாண்டில் கீதோ என்ற துறவி, கோடுகளின் மீது சுரத்தை எழுதும் முறையைச் செம்மைப்படுத்தினார். யோவான் திருநாள் பாடல் ஒன்றின் ஒவ்வோர் அடியின் முதல் அசையையும் எடுத்து, நம் ஸரிகம போலச் சுரங்களுக்குப் பெயரும் வைத்தார். பத்து ஆண்டு பிடித்த பயிற்சியை ஓரிரு ஆண்டில் முடிக்கலாம் என்று அவரே எழுதினார். மேலை இசையின் எழுத்து முறை கோயில் பாடகர்களின் தேவையிலிருந்து வளர்ந்தது.

ஆனால் இந்தச் செல்வம் பெரும்பாலும் மடங்களிலும் பேராலயங்களிலுமே தங்கியது. பாரிஸ் நோத்ர்தாம் பேராலயத்தில் லெயோனின், பெரோத்தின் ஆகியோர் பல்குரலிசையைக் கட்டி எழுப்பிக்கொண்டிருந்த 12, 13-ஆம் நூற்றாண்டுகளில், சாதாரணச் சிற்றூர்ப் பங்கில் குருவும் ஒரு கோயில் உதவியாளரும் சில சிறுவர்களும்தான் பாடினார்கள். இசை நூல்கள் இந்தச் சிற்றூர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பெரும்பான்மைக் கத்தோலிக்கர் வழிபட்டது அங்கேதான்.

16-ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தச் சபைகள் தாய்மொழிப் பாட்டை மக்கள் வாயில் கொடுத்தன. கத்தோலிக்கத் தரப்பும் சும்மா இருக்கவில்லை: 1537-இலேயே மிக்கேல் வேகே ஜெர்மன் மொழியில் கத்தோலிக்கப் பாட்டு நூல் ஒன்றை வெளியிட்டார். ஆயினும் திருப்பலியின் மொழி லத்தீனாகவே நீடித்தது. திரெந்து பொதுச்சங்கம் 1562-இல், ஆர்கனிலோ பாட்டிலோ கீழ்த்தரமான எதுவும் கலக்கக் கூடாது என்று பொதுப்படச் சொன்னதோடு நின்றது. பல்குரலிசையையே சங்கம் தடை செய்யவிருந்தது, பாலஸ்திரீனாவின் ஒரு திருப்பலி இசை அதைத் தடுத்து நிறுத்தியது என்ற கதை அழகானது; சான்று போதாது. அடுத்த நூற்றாண்டுகளில் பாடகர்களின் இடம் பல கோயில்களில் பின்பக்கம், வாசலுக்கு மேலே உள்ள மாடத்துக்கு, ஆர்கனின் அருகே போயிற்று. மேலே இசை நடந்தது. கீழே மக்கள் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள். பீடமும் பாட்டும் மக்களும் தனித்தனி வழியில் போன காலம் அது.

அந்தக் காலத்தின் பங்கு இசை எப்படி இருந்தது என்பதற்கு ஆஸ்திரியாவின் ஓபர்ன்டோர்ஃப் நல்ல சான்று. அங்கே உதவிக் குருவாக இருந்த யோசேப்பு மோர், தாம் 1816-இல் எழுதிய கவிதையை, 1818 டிசம்பர் 24 அன்று பிரான்ஸ் சேவர் குரூபரிடம் கொடுத்து, இரு குரலுக்கும் குழுவுக்கும் கித்தாருக்கும் ஏற்ப மெட்டமைக்கக் கேட்டார். குரூபர் பக்கத்து ஊரான ஆர்ன்ஸ்டோர்ஃபில் பள்ளி ஆசிரியர். ஓபர்ன்டோர்ஃபில் ஆர்கன் வாசிப்பவர். அன்றிரவே மோர் கித்தார் மீட்டி மேல்குரல் பாட, குரூபர் கீழ்க்குரல் பாட, கண்ணிகளின் கடைசி அடிகளைக் குழு திருப்பிப் பாடிற்று. உலகமெங்கும் ‘சைலன்ட் நைட்’ என்று அறியப்படும் கிறிஸ்துமஸ் பாட்டு இது. ஆர்கன் பழுது பார்ப்பவர் ஒருவர் வழியாகத் தீரோல் நாட்டுக்குப் போய் அங்கிருந்து பரவியது. பள்ளி ஆசிரியரே ஆர்கன் வாசிப்பவர், குருவே பாடலாசிரியர், ஊர்க்காரர்களே குழு. பங்கு இசையை உயிரோடு வைத்திருந்தது இந்த எளிய ஏற்பாடுதான்.

நகரக் கோயில்களில் நிலைமை வேறு. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் நாடக அரங்கின் பாணி பாடகர் மாடத்தில் ஏறிக்கொண்டது. 1749-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இதைக் கண்டித்துச் சுற்றுமடல் எழுதினார். பிரான்சில் சொலேம் மடத்துத் துறவிகள் பழைய ஏடுகளை ஒப்பிட்டுக் கிரகோரியன் இசையின் மூலவடிவைத் தேடினார்கள். 1868-இல் பிரான்ஸ் சேவர் விட் தொடங்கிய செசிலியா சங்கம், ஜெர்மன் பேசும் பங்குகளில் பாடகர் குழுக்களைச் சீர்திருத்த முனைந்தது. இந்த முயற்சிகளுக்கெல்லாம் மகுடமாக வந்தது, 1903 நவம்பர் 22, புனித செசிலியா திருநாளன்று திருத்தந்தை பத்தாம் பயஸ் வெளியிட்ட ஆணை. இவர் தொம்போலோ என்னும் சிற்றூரில் இளம் குருவாக இருந்தபோதே ஊராருக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். கிரகோரியன் இசையே முதன்மை, அதை மக்களும் மீண்டும் பாட வேண்டும் என்றது ஆணை. பியானோவையும் முரசு, கைத்தாளம் போன்ற ஓசைமிக்க கருவிகளையும் விலக்கியது. ஊர் பேண்டு வாத்தியக் குழு கோயிலுக்குள் வாசிப்பதைத் தடுத்தது. பாடகர் பணி வழிபாட்டுப் பணி என்பதால் பெண்கள் குழுவில் சேரக் கூடாது, உச்சக் குரலுக்குச் சிறுவர்களே வேண்டும் என்றும் விதித்தது. மக்களைப் பாடச் சொன்ன அதே ஆவணம் மக்களில் பாதிப் பேருக்குக் குழுவின் கதவை அடைத்தது. இந்த முரண்பாடு தீர அரை நூற்றாண்டு ஆயிற்று.

தமிழ்க் கரையின் கதை வேறு வழியில் தொடங்குகிறது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், போர்த்துக்கீசியம் தெரிந்த உள்ளூராரின் துணையோடு செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருவில் நடந்து, பரதவர் குடும்பங்களைக் கூட்டி, வரிவரியாகச் சொல்லி, திருப்பிச் சொல்லச் செய்தார். இந்தப் பாடம் குரல் வழியாகவே நடந்தது. அச்சுப் புத்தகம் பின்னால்தான் வந்தது. அண்டிரிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ அந்தக் குரல் பாடத்துக்குக் கிடைத்த எழுத்துத் துணை. திருப்பலி லத்தீனில், அதைச் சுற்றியிருந்த செபம், செபமாலை, பவனி, தவக்காலப் புலம்பல், திருவிழாக் கூத்து எல்லாம் தமிழில். இந்தப் பிரிவினைதான் அடுத்த 400 ஆண்டுத் தமிழ்க் கத்தோலிக்க இசையை வடிவமைத்தது.

வெளிவட்டத்தில் விளைந்த செல்வம் பெரிது. வீரமாமுனிவர் 3,615 பாடல்களில் ‘தேம்பாவணி’ பாடியவர் என்பதை எல்லாரும் அறிவர். பங்கு இசையைப் பொறுத்தவரை அவருடைய சிறு நூல்களே முக்கியம். ஏலாக்குறிச்சி அன்னையைப் பாடும் ‘திருக்காவலூர்க் கலம்பகம்’ ஒரு குறிப்பிட்ட கோயிலுக்காகவே எழுந்தது. ‘கித்தேரியம்மாள் அம்மானை’ பெண்கள் பாடிப் பழகிய நாட்டு வடிவத்தில் ஒரு புனிதையின் வரலாற்றைச் சொல்கிறது. பண்டிதருக்குக் காப்பியமும் ஊருக்கு அம்மானையும் தனித்தனியே வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 19-ஆம் நூற்றாண்டில் மாயூரம் வேதநாயகம் பிள்ளை ‘சத்திய வேதக் கீர்த்தனை’களை இயற்றினார், அவருடைய ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’கள் இன்றும் கச்சேரி மேடைகளில் ஒலிக்கின்றன. இங்கே ஓர் ஒப்பீடு அவசியம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் சீர்திருத்தச் சபைகளின் ஆராதனைக்குள்ளேயே இடம்பெற்று, மக்கள் வாயில் நிலைத்துவிட்டன. கத்தோலிக்கருக்கும் புலமைக்குப் பஞ்சமில்லை. ஆனால் பீடத்தருகே தமிழ்ப் பாட்டுக்கு இடம் குறைவாக இருந்ததால், அவர்களுடைய கீர்த்தனைகள் பங்குக்குப் பங்கு வழக்கமாக வேரூன்றவில்லை.

மக்கள் பாட்டின் உரம் தெரிந்தது குருக்கள் இல்லாதுபோன காலங்களில்தான். இலங்கையில் டச்சுக்காரர் ஆட்சி கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தபோது, கோவாவிலிருந்து 1687-இல் யோசேப்பு வாஸ் அடிகளாரும், 1705-இல் ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரும் அங்கே சென்றார்கள். கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினார். ஆண்டவரின் பாடுகளைத் தியானிக்கும் அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் ஊர் கூடி இராகமிட்டு வாசிக்கும் நூலாயிற்று. நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும், குரு வராத ஊரிலும் வழிபாடு நடக்கும். தமிழ்நாட்டிலும் 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்ட பிறகு, 1830-களின் இறுதியில் புதிய மதுரை மிஷன் தொடங்கும்வரை, பல ஊர்களில் குருவைக் காண்பதே அரிது. உபதேசியார்தான் செபம் சொன்னார், பாட்டு எடுத்துக் கொடுத்தார், அடக்கச் சடங்கில் முன்னின்றார். தமிழ்ப் பங்குகளின் முதல் பாடகர் தலைவர் என்று யாரையாவது சொல்வதானால் அது உபதேசியாரைத்தான்.

கோவாவின் வழி முற்றிலும் வேறானது. அங்கே பங்குப் பள்ளிகளில் எழுத்தோடு சேர்த்துச் சுரமும் வயலினும் கற்பித்தார்கள். பாடகர் ஆசிரியர் பங்கிலிருந்தே ஊதியம் பெற்றார். 20-ஆம் நூற்றாண்டில் பம்பாய்த் திரைப்பட வாத்தியக் குழுக்களில் கோவாக் கலைஞர்கள் நிறைந்திருந்ததற்கு இந்தப் பள்ளிகளே காரணம். தமிழகத்தில் இப்படி ஊருக்கு ஊர் இசைக் கல்வி அமையவில்லை. விடுதிப் பள்ளிகளும் குருமடங்களும் கன்னியர் மடங்களும் ஓரளவு அந்த இடத்தை நிரப்பின. சிறுவர்கள் லத்தீன் வரிகளைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி வைத்துப் பாடம் செய்தார்கள். பொருள் தெரியாமலேயே ‘தாந்தும் எர்கோ’வைப் பிழையின்றிப் பாடும் தலைமுறைகள் உருவாயின.

குழாய் ஆர்கன் இங்கே பரவவில்லை. விலை அதிகம், ஈரக்காற்றும் கறையானும் மரத்தையும் தோலையும் கெடுத்துவிடும். அதன் இடத்தைப் பிடித்தது ஆர்மோனியம். பிரான்சில் 19-ஆம் நூற்றாண்டில் உருவான இந்தக் கருவிக்குத் தரையில் உட்கார்ந்து கையால் துருத்தி போடும் வடிவம் கல்கத்தாவில் கிடைத்தது. ஒருவரே சுமந்து போகலாம், கிளைக் கிராமத்துக்கு மாட்டு வண்டியில் ஏற்றலாம், மின்சாரம் வேண்டாம். கமகத்துக்கு ஒத்துவராத கருவி என்று கர்நாடக இசை அறிஞர்கள் குறை சொன்னார்கள். அகில இந்திய வானொலி 1940-இல் அதைத் தடையே செய்தது. கோயிலில் அது அசையவில்லை. பெருங்கூட்டத்தைச் சுதி தவறாமல் பிடித்து நிறுத்தும் வேலையை அது செய்துவந்தது.

ரோமில் மாற்றம் படிப்படியாக வந்தது. மக்கள் வாய்பேசாப் பார்வையாளராக நிற்கக் கூடாது என்றார் பதினொன்றாம் பயஸ், 1928-இல். 1955-இல் பன்னிரண்டாம் பயஸ் எழுதிய சுற்றுமடல் தாய்மொழிப் பக்திப் பாடல்களை உயர்த்திப் பேசியது. வரையறைகளோடு பெண்கள் பாடவும் வழிவிட்டது. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்டம் மூன்றையும் சேர்த்துச் சொன்னது: கிரகோரியன் இசைக்கு முதலிடம் உண்டு, பாடகர் குழுக்களை வளர்க்க வேண்டும், சொந்த இசை மரபுள்ள மக்களின் இசைக்கு உரிய இடம் தர வேண்டும். 1965 மார்ச் 7 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் ரோமில் ஒரு பங்குக் கோயிலுக்குச் சென்று இத்தாலிய மொழியில் திருப்பலி நிறைவேற்றினார். 1967-இல் வந்த இசை பற்றிய ஏடு, மக்களுக்கு இடமே இல்லாதபடி எல்லாவற்றையும் குழுவே பாடிவிடுவதை வெளிப்படையாக விலக்கியது.

தமிழ்ப் பங்குகளில் இதன் விளைவு உடனே தெரிந்தது. 400 ஆண்டு லத்தீனில் இருந்த வானவர் கீதமும் தூயவரும் ஆட்டுக்குட்டிப் பாடலும் தமிழில் வேண்டும். வருகை, பதிலுரை, காணிக்கை, திருவிருந்து, நன்றி என ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு ஞாயிறுக்கும் பாட்டு வேண்டும். குருக்களும் கன்னியரும் ஆசிரியர்களும் எழுதிக் குவித்தார்கள். புதுவை மறைமாவட்டத்தைச் சேர்ந்த அமலோர்பவதாஸ் அடிகளார் பெங்களூரில் 1967-இல் தொடங்கிய தேசிய மையம் இந்திய வடிவ வழிபாட்டுக்கு வழிகாட்டியது. 1969-இல் ரோம் ஒப்புதல் தந்த பன்னிரண்டு தழுவல்களால் குத்துவிளக்கும் ஆரத்தியும் பீடத்தருகே வந்தன. யாழ்ப்பாணத்தில் மரியசேவியர் அடிகளார் 1965-இல் நிறுவிய திருமறைக் கலாமன்றம் பாடுகளின் நாடகத்தை மேடையில் வளர்த்தது. திருச்சியில் 1977-இல் எழுந்த கலைக்காவிரி, கர்நாடக இசையையும் பரதத்தையும் திருவழிபாட்டோடு இணைத்துப் பயிற்சி அளித்தது. மோகனமும் கல்யாணியும் மத்தியமாவதியும், கூடவே தெம்மாங்கும் கும்மியும் கோயிலுக்குள் வந்தன. பெண்கள் குழுவில் சேர்ந்தார்கள். இன்று பல பங்குகளில் குழுவைத் தாங்குவதே அவர்கள்தான்.

இந்த எழுச்சியின் முதல் இருபது ஆண்டுகளில் மக்கள் உண்மையாகவே பாடினார்கள். பாட்டுப் புத்தகம் வீட்டுக்கு வீடு இருந்தது. பிறகு வந்த ஒலிநாடா திசையை மாற்றியது. அதுவரை பங்கில் பிறந்து பங்கில் பரவிய பாட்டு, இப்போது சென்னை ஒலிப்பதிவுக் கூடத்தில் திரைப்படப் பின்னணிப் பாடகரின் குரலில் பிறந்தது. கேட்க இனிமையானவை, பல மிக நல்ல பாடல்கள். ஆனால் ஒற்றைக் குரலின் திறமையைக் காட்ட எழுதிய சரணம் மேல் ஸட்ஜத்தையும் தாண்டி ஏறும். நடுவில் வரும் இசைத்துணுக்கு எப்போது முடியும் என்று கூட்டத்துக்குத் தெரியாது. சுதியும் சிக்கலாகிறது. பெண் குரலுக்கு இசைவாக ஐந்து, ஐந்தரைக் கட்டையில் கீபோர்டை வைத்தால், ஒரு கட்டையில் பாடிப் பழகிய ஆண்கள் மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் இரண்டாம் அடியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். இரு சாராருக்கும் பொதுவான சுதி எது என்று சனிக்கிழமைப் பயிற்சியில் தேடிப் பார்க்கும் குழுக்களில், மறுநாள் கூட்டத்தின் குரல் தெளிவாக எழுகிறது. மக்கள் பாடுவதில்லை என்ற பொதுப் புகாருக்குப் பக்தியின்மையைவிட இந்தச் சுதிச் சிக்கலே பெரிய காரணம்.

கீபோர்டில் பதிந்து வரும் தாளமும், பின்னணி இசை மட்டும் கொண்ட மைனஸ் ஒன் பதிவுகளும் அடுத்த கட்டம். 1958-இலேயே ரோம் ஒலித்தட்டு, ஒலிநாடா போன்ற தானியங்கிக் கருவிகளைத் திருவழிபாட்டில் பயன்படுத்தத் தடை விதித்திருக்கிறது. காரணம் எளியது: பதிவு செய்த இசை குருவுக்காகக் காத்திராது, காணிக்கை வரிசை நீண்டால் இன்னொரு சரணம் எடுக்காது. மனிதர் வாசிக்கும் தபேலா, சுமாராக இருந்தாலும், பீடத்தைப் பார்த்துக்கொண்டே வாசிக்கும். அருங்கொடை இயக்கத்தின் கைதட்டுப் பாடல்கள் 1970-களுக்குப் பிறகு பரவி, தயங்கி நின்றவர்களையும் பாடவைத்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவற்றில் ஆழம் குறைவு என்ற விமர்சனமும் நியாயமானதே. பல்லவி மக்களுக்கு, சரணம் குழுவுக்கு என்ற பழைய பங்கீடுதான் இன்றும் நன்றாக வேலை செய்கிறது. அம்புரோசியாரின் மிலானில் திரும்பத் திரும்ப வரும் எளிய மெட்டும், ஓபர்ன்டோர்ஃபில் திருப்பிப் பாடிய கடைசி அடிகளும் பயன்பட்டன. தேர்ந்த குழு தனியாகப் பாட வேண்டிய இடங்களும் உண்டு. காணிக்கை நேரமும் திருவிருந்துக்குப் பிந்திய அமைதியும் அதற்குப் பொருத்தமானவை. ஆனால் தூயவர் கீதத்தை மக்கள் வாயிலிருந்து எடுத்துக்கொள்ளும் குழு, எவ்வளவு அழகாகப் பாடினாலும், தன் பணியில் தவறுகிறது.

தமிழ்ப் பங்கு இசையின் பெரும்பகுதி இன்னும் அச்சேறாதது. உபதேசியார்களும் ஆர்மோனிய ஆசிரியர்களும் கன்னியரும் கையால் எழுதிய பாட்டு நோட்டுகள், லத்தீன் வரிகளைத் தமிழெழுத்தில் எழுதிய தாள்கள், ஊர்ப் பாதுகாவலருக்கென்றே கட்டிய திருவிழாப் பாடல்கள், பாஸ்காப் பிரதிகள் எல்லாம் கோயில் அலமாரிகளிலும் வீட்டுப் பரண்களிலும் கிடக்கின்றன. கோயிலை இடித்துக் கட்டும்போது முதலில் குப்பைக்குப் போவதும் இவைதான். பங்குப் பேரவைகள் இவற்றைத் திரட்டிப் படமெடுத்து மறைமாவட்ட ஆவணக் காப்பகங்களில் சேர்க்க வேண்டும். மெட்டு தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே அவர்களைப் பாடச் சொல்லி ஒலிப்பதிவு செய்துகொள்ளவும் வேண்டும்.